பட்டுத் துணியை யார் துவைப்பார்கள்?

இரண்டாவது சனிக்கிழமை. ஆபீஸ் கிடையாது. ஜனவரி மாத டெல்லியில் ஆபீஸ் இல்லாத காலை என்றால் என்ன அர்த்தம்? பத்து மணி வரை ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் சுருண்டு படுத்துக் கொண்டு, மூக்கை மட்டும் வெளியே நீட்டி உலகத்தைக் கண்காணிக்கலாம் என்று அர்த்தம். நான் அந்தக் கடமையில் மும்முரமாக இருந்தபோது காலிங் பெல் அடித்தது.

என் கணவர் போய்க் கதவைத் திறந்தார். திரும்பி வந்து, "உன் வாசகி ஒருத்தர் வந்திருக்கா" என்றார். குரலில் அநியாயத்துக்கு மரியாதை. அவர் மரியாதையாகப் பேசினால் எனக்கு ஏதோ வில்லங்கம் காத்திருக்கிறது என்று இருபது வருஷத்தில் தெரிந்து வைத்திருக்கிறேன்.

கூடத்தில் ஒரு பெண் நின்று கொண்டிருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். பிரவுன் கலர் ஷாலைத் தலையோடு போர்த்தி, மூக்கையும் வாயையும் மூடியிருந்தாள். கண்கள் மட்டும்தான் தெரிந்தன. இந்தக் குளிரில் நாம் எல்லோருமே அப்படித்தானே திரிகிறோம்? நான் ஒன்றும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

"உக்காருங்கோ" என்றேன். உட்காரவில்லை. ஷாலை மெதுவாக இறக்கினாள்.

இரண்டு கன்னத்திலும் முகவாயிலும் சிவப்புச் சிவப்பாகப் பருக்கள். சிலது சீழ் வைத்திருந்தன. நெற்றியும் மூக்கும் எப்படியோ தப்பித்திருந்தன.

"நீங்க எழுதினதப் பாத்துத்தான் மேடம் செஞ்சேன்" என்றாள்.

ரஜாயின் கதகதப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை.

நவம்பர் மாதம் இதே பக்கத்தில் நான் எழுதியது வழக்கமான வாசகர்களுக்கு நினைவிருக்கும். படிக்காதவர்களுக்காக — படித்து மறந்து விட்ட புண்ணியவான்களுக்காகவும் — சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன்.

டெல்லிக் குளிர் வந்தால் எனக்கு முகத்தில் தோல் உரியும். மூக்கோரம், கன்னம், புருவ நடு... எல்லா இடத்திலும் வெள்ளையாகச் செதில். டர்க்கி டவலால் தேய்த்தால் செதிலோடு முகமும் வந்து விடும். என்னிடம் மடிப்பெல்லாம் விட்டுப் போன ஒரு பழைய பட்டுப் புடவை இருந்தது. கட்டவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. அதில் ஜரிகை இல்லாத இடமாகப் பார்த்து, கைக்குட்டை அளவில் நாலு துண்டு வெட்டி ஓரம் தைத்தேன். முகத்தை வெந்நீரில் நனைத்து, துண்டையும் நனைத்துப் பிழிந்து, இரண்டு விரலில் சுற்றிக் கொண்டு, அழுத்தாமல் சின்னச் சின்ன வட்டமாகத் தடவ வேண்டும். பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தால் துகள் வருமே, அது மாதிரி செத்த தோல் உருண்டு வந்து விடும். வாரத்துக்கு இரண்டு தடவை போதும். அப்புறம் துளி தேங்காயெண்ணெய். ஒரே துண்டு மாசக் கணக்கில் உழைக்கும்.

இவ்வளவுதான் எழுதினேன். நிறையப் பாராட்டுக் கடிதம் வந்தது. ஆபீஸில் எங்கள் பஞ்சாபி மேலதிகாரி அம்மாள்கூட என்னிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது எதிரே ஒரு முகம் நிற்கிறது!

"என் வீட்டை எப்படிக் கண்டுபிடிச்சேள்?"

"கோல் மார்க்கெட்ல நம்ம ஊரு மளிகைக்கடை இருக்குதுங்களே, அங்க கேட்டேன் மேடம். அவரே தெரு முனை வரைக்கும் வந்து கை காட்டி வுட்டாரு."

அந்தக் கடைக்காரரின் முற்றல் முருங்கைக்காயைப் பற்றி நான் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். மனிதர் பழி தீர்த்துக் கொண்டார்.

காபி கொடுத்தேன். இரண்டு வாய் குடித்த பிறகு 'மேடம்' போய் 'அக்கா' வந்தது. அவள் பெயர் கஸ்தூரி. குடியாத்தம் பக்கம். கணவர் ராணுவத்தில் நாயக். அவரைப் பனிமலைக்கு அனுப்பி விட்டார்கள். எந்த இடம் என்று அவளுக்கே தெரியாது. கடிதத்தில் ஊர் பெயர் இருக்காது, வெறும் நம்பர்தான். இவள் கன்டோன்மென்ட்டில் குடும்பங்களுக்கான குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறாள்.

"பதினாலு மாசம் ஆச்சுக்கா அவரப் பாத்து. இப்பதான் லீவு குடுத்துக்கிறாங்க. இன்னும் பதினோரு நாள்ல வர்றாரு."

கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் ஸ்டூடியோவில் சேர்ந்து எடுத்துக் கொண்ட போட்டோ ஒன்று அவர் பையில் எப்போதும் இருக்குமாம். தினம் அதை எடுத்துப் பார்ப்பதாக எழுதியிருந்தாராம். இவளுக்கோ இந்த வருஷக் குளிரில் முகமெல்லாம் வெடித்து, வெளுத்து, சொறசொறவென்று ஆகி விட்டது. போட்டோவில் இருக்கிற முகத்தை அவர் வருவதற்குள் எப்படியாவது மீட்டு விட வேண்டும் என்று நினைத்தாள். அந்தச் சமயம் பார்த்து என் கட்டுரை குவார்ட்டர்ஸில் கை மாறிக் கை மாறி இவளிடம் வந்து சேர்ந்தது.

"பழைய பட்டுக்கு எங்க போறது? எங்கிட்ட இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்க்கா" என்றாள்.

கல்யாணப் புடவை! அதில் இடுப்பில் செருகுகிற உள்பக்க ஓரத்தில் ஒரு சாண் வெட்டியிருக்கிறாள். நானோ விட்டுப் போன புடவையை வெட்டியவள். இவள் என்னை நம்பி நல்ல புடவையில் கத்தரி வைத்திருக்கிறாள்.

"ராணுவ ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்குமே, போகலையா?"

"அய்யோ வேணாம்க்கா. குவார்ட்டர்ஸ்ல ஒருத்திக்குத் தெரிஞ்சா போதும். அடுத்த தபால்ல அவருக்குச் சேதி போயிடும்."

எங்கள் அடுத்த தெருவில் ஒரு வங்காளி லேடி டாக்டர் இருக்கிறார். தோல் வியாதிதான் அவருக்கு ஸ்பெஷாலிடி. கையோடு கஸ்தூரியைக் கூட்டிக் கொண்டு போனேன். அவளுக்குக் காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான் இந்தி தெரியும் என்பதால் மொழிபெயர்க்கிற உத்தியோகம் எனக்கு.

டாக்டர் டேபிள் லைட்டைப் போட்டு முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டுத் துணி விஷயத்தை நான் சொன்னதும், "அந்தத் துணி எங்கே?" என்று இந்தியில் கேட்டார். கஸ்தூரி பர்ஸைத் திறந்தாள். சுத்தமான கைக்குட்டைக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்த அரக்குக் கலர் துண்டை எடுத்து நீட்டினாள். டாக்டர் அதை இரண்டு விரல் நுனியால் தூக்கி, மூக்கருகே கொண்டு போய், சட்டென்று மேஜையில் போட்டார். எனக்கு இங்கேயே சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை அடித்தது.

"இஸ்கோ தோத்தீ ஹோ?"

இதைத் துவைக்கிறாயா என்று கேட்கிறார். நான் தமிழில் சொன்னேன். கஸ்தூரி என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"பட்டுத்துணியப் போயி யாராச்சும் தொவைப்பாங்களாக்கா?"

இதை இந்தியில் எப்படிச் சொல்வது? வார்த்தைகள் தெரியாமல் இல்லை. அதற்குப் பின்னால் இருக்கிற சமாசாரத்தை ஒரு வங்காளி டாக்டருக்கு எந்த வார்த்தையில் விளக்குவது?

கஸ்தூரி வீட்டில் பட்டு என்பது கல்யாணத்துக்குக் கட்டி, நிழலில் ஆற வைத்து, மடித்துப் பெட்டியில் வைத்து, அடுத்த கல்யாணத்துக்கு எடுப்பது. சோப்புத் தண்ணீரில் போட்டால் பட்டு செத்து விடும் என்பார்கள். எங்கள் வீட்டில் காரணம் வேறு. பருத்திப் புடவையைத் துவைத்துக் காய வைத்தால்தான் மடி, அதாவது பூஜைக்கு ஏற்ற சுத்தம். பட்டு? அது எப்போதுமே மடி. அப்படியே கொடியிலிருந்து எடுத்துக் கட்டிக் கொண்டு சுவாமி காரியம் பார்க்கலாம். காரணம் எதுவானால் என்ன, கடைசியில் சட்டம் ஒன்றுதான். பட்டைத் துவைக்கக் கூடாது.

கஸ்தூரி சட்டத்தை ஒரு எழுத்து விடாமல் கடைப்பிடித்திருக்கிறாள். ஒவ்வொரு தடவை முகத்தைத் தேய்த்த பிறகும் துண்டை நிழலில் ஆற வைத்து, மடித்து, கல்யாணப் புடவையோடு சேர்த்தே பெட்டியில் வைத்திருக்கிறாள். போதாக்குறைக்கு, லீவு தேதி தெரிந்த நாளிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை என்பதைத் தினம் என்று ஆக்கி விட்டாள். உரிந்த தோலும் எண்ணெயும் அந்தத் துணியிலேயே ஊறி, மறுநாள் திரும்ப முகத்துக்கே போயிருக்கின்றன.

"யே கிஸ்னே சிகாயா?" என்றார் டாக்டர். யார் சொல்லிக் கொடுத்தது?

இது கஸ்தூரிக்கே புரிந்து விட்டது. நான் வாயைத் திறப்பதற்குள், "காவ் மே போலா" என்றாள். ஊரில் சொன்னார்களாம்! சொல்லி விட்டு மேஜையைப் பார்த்துக் கொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. டாக்டர் கிராமத்து மூட நம்பிக்கைகளைப் பற்றி அவளுக்கு ஒரு டோஸ் விட்டார். நான் பக்கத்து வீட்டு மாமி மாதிரி முகத்தை வைத்துக் கொண்டு முழுவதையும் கேட்டேன். பதினெட்டு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவளுக்கு வாயை மூடிக் கொண்டிருப்பது கைவந்த கலை.

ஒரு களிம்பு எழுதித் தந்தார். தேய்க்கக் கூடாது. எண்ணெய் கூடாது. கிள்ளக் கூடாது. முழுசாகச் சரியாக ஒரு மாதம் ஆகும்.

"பதினோரு நாள்ல ஆவாதா?" என்று கஸ்தூரி தமிழிலேயே கேட்டாள். டாக்டர் என் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. இல்லை என்று தலையாட்டினார்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். வெயில் வந்திருந்தது. கஸ்தூரி மறுபடி பர்ஸைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். என் கட்டுரை. அழகாகக் கத்தரித்து நாலாக மடித்து வைத்திருந்தாள். அதைப் பிரித்து, வரிக்கு வரி விரலை வைத்து, உதடு அசையப் படிக்க ஆரம்பித்தாள். முடித்து விட்டுத் திரும்ப மேலே போனாள்.

"என்னம்மா தேடறே?"

"நானு அவசரத்துல ஒரு வரியத் தாண்டிட்டேன் போலக்கா. தொவைக்கணும்னு நீங்க போட்டிருப்பீங்க. நான்தான் பாக்காம வுட்டுட்டேன்..."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

அந்த வரி அதில் இருக்காது. ஆனால் அதை நான் எழுதினேன். 'ஒவ்வொரு முறையும் துண்டைச் சோப்புப் போட்டு அலசி வெயிலில் உலர்த்துங்கள்' என்று என் கையால் எழுதினேன். தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் பேனாவால் அடித்து விட்டேன்.

ஏன்? இடம் போதவில்லையா? அதெல்லாம் இல்லை. கும்பகோணத்தில் என் அம்மா இந்தப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிப்பாள். கிழிந்த புடவையை வெட்டியதைக்கூட மன்னித்து விடுவாள். ஆனால் பட்டைச் சோப்பில் போட்டேன் என்று ஊர் அறிய எழுதினால்? அவள் ஒரு பக்கம். 'நம் ஆசாரத்தைக் கேலி செய்கிறீர்களா?' என்று பொங்கி எழும் வாசகர்கள் இன்னொரு பக்கம். எதற்கு வம்பு என்று தோன்றியது. நான் மட்டும் பாத்ரூம் கதவைச் சாத்திக் கொண்டு தவறாமல் சோப்புப் போட்டு அலசிக் கொண்டிருந்தேன். என் முகம் பளபளவென்று இருந்தது.

இதையெல்லாம் அந்த பஸ் ஸ்டாப்பிலேயே அவளிடம் சொன்னேன். ஒரு பஸ் வந்து நின்று போயிற்று. அவள் ஏறவில்லை.

"அம்மாவுக்கு பயந்துகினா அடிச்சீங்க?"

"ஆமாம்."

"இந்த வயசுலயா?"

சிரித்து விட்டாள். சிரித்ததில் கன்னம் இழுத்து வலித்திருக்க வேண்டும். 'ஸ்ஸ்...' என்று கையை வைத்துக் கொண்டாள். அப்புறம் கண் நிறைந்து விட்டது.

"அந்த வரி இருந்திருந்தா மட்டும் நானு தொவைச்சிருப்பேனா, தெரியலக்கா. ஆனா ரோசனை பண்ணியிருப்பேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் காகிதத்தை மறுபடி நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக் கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய் விட்டாள்.

அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. யோசித்துப் பாருங்கள்... நாம் அழுக்கு என்று நினைக்கிற எதையாவது அழுக்காகவே விட்டு வைக்கிறோமா? பாத்திரம் துலக்குகிறோம், தரை துடைக்கிறோம், வாசல் மிதியடியைக்கூட வாரம் ஒரு தடவை உதறுகிறோம். சுத்தம் என்று முடிவு கட்டி விட்ட பொருளைத்தான் அப்புறம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. துணி மட்டுமா? 'மனசில் பட்டதை ஒளிக்காமல் எழுதுகிறவள்' என்று என்னைப் பற்றி எனக்கே ரொம்ப நாளாக ஒரு அபிப்பிராயம். அதைக் கடைசியாக எப்போது சோப்புப் போட்டு அலசினேன்?

ஆகவே, நவம்பர் கட்டுரையை நம்பி இன்னும் பட்டுத் துண்டை வைத்திருப்பவர்களுக்கு: ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டு அலசுங்கள். நல்ல வெயிலில் உலர்த்துங்கள். முகத்தில் பருவோ புண்ணோ இருந்தால் துணிப் பக்கமே போகாதீர்கள். வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். அம்மா, நீயும் இதைப் படித்துக் கொண்டிருப்பாய்... ஆமாம், சோப்புத்தான் போட்டேன். கடிதத்தில் திட்டு, வாங்கிக் கொள்கிறேன்.

சரி, கஸ்தூரியின் கணவர் வந்தாரா இல்லையா என்றுதானே கேட்கிறீர்கள்?

வந்தார். ஸ்டேஷனுக்கு நானும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வேண்டாம் என்று விட்டாள். இரண்டு நாள் முன்னால் டாக்டரிடம் காட்ட வந்தபோது பருக்கள் பாதிதான் வற்றியிருந்தன. மீதி இடத்தில் கருஞ்சிவப்பாகத் தழும்பு. எப்படிப் போய் அவர் எதிரில் நின்றாளோ, அவர் என்ன சொன்னாரோ என்று அன்றைக்கு ஆபீஸில் ஒரு ஃபைல் நகரவில்லை. மறுநாளும் தகவல் இல்லை. அந்த வாரம் முழுக்கவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலிங் பெல் அடித்தது. ஓடிப் போய் நானே கதவைத் திறந்தேன். கஸ்தூரி. பின்னால் நெடுநெடுவென்று அவர்.

அவர் முகத்தைப் பார்த்தேன். பனியும் வெயிலும் சேர்ந்து கன்னத்தையும் நெற்றியையும் கரியாகப் பொசுக்கியிருந்தன. மூக்கில் தோல் உரிந்து ரோஸாக உள்தோல் தெரிந்தது. உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. கறுப்புக் கண்ணாடி மறைத்த இடம் மட்டும் கண்ணைச் சுற்றி இரண்டு வெள்ளை வட்டமாக இருந்தது. இவர் இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையாம்.

"எழுதினா பயந்துடுவாங்க மேடம். போட்டோல இருக்கிற ஆளு எங்கன்னு தேடுவாங்க" என்றார். பேசிக் கொண்டே மூக்குத் தோலைக் கிள்ளப் போனார். "கை வெக்காதீங்க!" என்று கஸ்தூரி பட்டென்று கையைத் தட்டி விட்டாள்.

கல்யாணப் புடவையை வெட்டியதற்குத் திட்டவில்லையா என்று கேட்டேன். "உள்ளதானே சொருகப் போறாங்க, யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

ஸ்டேஷன் கதையைக் கஸ்தூரிதான் சொன்னாள். ரயில் மூன்று மணி நேரம் லேட். பிளாட்ஃபாரம் முழுக்க மூடிய முகங்கள். இவள் ஷாலைக் கண் வரைக்கும் இழுத்து விட்டுக் கொண்டு நின்றிருக்கிறாள். அவர் குரங்குக் குல்லாய் போட்டு, அதற்கு மேல் மஃப்ளரையும் சுற்றிக் கொண்டு இறங்கியிருக்கிறார். இரண்டு தடவை இவளைத் தாண்டியே போயிருக்கிறார். இவள் கடைசிப் பெட்டி வரை ஓடித் தேடி விட்டுத் திரும்பியிருக்கிறாள். கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டியில் வெள்ளைப் பெயிண்டில் அவர் பெயரைப் படித்து விட்டு, பக்கத்தில் நின்ற ஆளை நிமிர்ந்து பார்த்தாளாம்.

அதற்கப்புறமும் இரண்டு பேரும் முகத்தைத் திறக்கவில்லை! ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் அப்படியே நின்றார்களாம். அவள் முகம் அவருக்குத் தெரியக் கூடாது. அவர் முகம் அவளுக்குத் தெரியக் கூடாது.

"அப்புறம் யார்தான் முதல்ல எடுத்தேள்?" என்றேன்.

"இவருதான்" என்று கஸ்தூரி அவரைக் காட்டினாள். அதே சமயம், "இவங்கதான்" என்று அவர் அவளைக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்ததில் அங்கே வெடித்த உதடு, இங்கே பருக்கன்னம்... ஒரே சமயத்தில் 'ஸ்ஸ்' என்று பிடித்துக் கொண்டார்கள்.

எது நிஜம் என்று நான் மேற்கொண்டு குடையவில்லை — எதையும் அழுத்தித் தேய்க்கக் கூடாது என்று எழுதியவளே நான்தானே?